வேலியில்லா வளவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936ஆம் ஆண்டிற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. சென்ற குடும்பங்களுக்கு வன்னி மற்றொரு நாடாகவே தோன்றியிருக்கும் என எண்ணுகின்றோம். துலா மிதித்துக் கிணற்றுநீர் இறைத்தோரின் வயலுக்கு இரணைமடு நீர் வாய்க்கால்வழி தானே வந்தது. கிடுகுவேலிக்குள் வளர்ந்த சிறுவருக்குக் காடே முற்றமாயிற்று. பாலைப்பழம் பொறுக்கித் தின்று, உதடு ஒட்டிக்கொள்ள வீடு திரும்புவர். தாய்மார் எண்ணெய் தடவிவிடுவர். இரவில் தந்தையர் பரணில் இருந்து தகரம் தட்டி யானையையும் பன்றியையும் விரட்டினர். ஆயினும் யானையினும் நுளம்பே கொடிது. 1934–35இல் இலங்கையிற் பரவிய மலேரியாவின் நினைவு எவர்க்கும் ஆறவில்லை. பிள்ளைக்குச் சிறிது உடல் சுட்டாலும் தாய் யாழ்ப்பாணத்தையே நினைப்பாள். அந்நோய் ஒழிந்த நாடென இலங்கை சான்றுபெற்றது 2016இலேதான்.