அம்மாவின் குரலும் இலவச இயங்குதளமும்

எங்கள் மகளிர் நிலையத்துக்கு வரும் அம்மாமார் பாடிய தாலாட்டுகளையும் அருவி வெட்டுப் பாடல்களையும் கணனியில் பதிந்து வைத்திருந்தோம். ஒருநாள் ஒலிப்பதிவு மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. யாரோ போட்டுத் தந்த கள்ளப் பிரதி அது. பாடியவர்களில் ஒருவர் அதற்கு முதல் மாதந்தான் காலமாகியிருந்தார். “அம்மான்ர குரல் இருக்குதா அக்கா?” என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு இந்தத் துறை புதிது. தேடிப் படித்தபோதுதான் லினக்ஸ் பற்றி விளங்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இதை எவரும் பணமின்றிப் பாவிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ஒலி, ஒளி வேலைக்கென்றே உபுண்டு ஸ்டூடியோ என்ற பதிப்பு 2007இல் வந்தது. போல் டேவிஸ் உருவாக்கிய ஆர்டோர் என்னும் பல்தடப் பதிவு மென்பொருளும் அதில் உண்டு.

தொழில்முறைப் பதிவுக்கு இது தாங்குமா? முக்கியமான சோதனை தாமதந்தான். பாடுபவரின் குரல் கணனிக்குள் போய் அவர் காதுக்கே உடனே திரும்ப வேண்டும். பிந்தினால் தாளம் தவறிவிடும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், 256 மாதிரிகளாகச் சேர்த்து அனுப்பினால், போகவும் வரவும் ஏறக்குறைய 11 மில்லிசெக்கன் ஆகும். நாலு மீற்றர் தள்ளி நிற்பவரின் குரல் எம்மை அடையும் நேரமும் அவ்வளவுதான். இந்த வேகத்தைத் தடங்கலின்றிப் பெறுவதற்கான நிகழ்நேரத் திருத்தத்தை முன்பு லினக்ஸ் கருவில் தனியாகச் சேர்க்கவேண்டியிருந்தது. 2024இல் வந்த 6.12 பதிப்பில் அது கருவுடனேயே சேர்ந்துவிட்டது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். புரோ டூல்ஸ், கியூபேஸ் போன்றவை லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. அவற்றில் வேலை செய்யும் கலையகத்தில் சேர நினைக்கும் பிள்ளைக்கு இது மட்டும் போதாது. ரீப்பர், பிற்விக் இரண்டும் லினக்ஸில் ஓடும். ஆனால் காசு கட்டவேண்டும். சில ஒலி இடைமுகப் பெட்டிகளும் ஒத்துவராது. வாங்குமுன் விசாரியுங்கள்.

எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. ஆர்டோர் ஒலியைச் சாதாரண வேவ் கோப்பாகவும், வெட்டி ஒட்டிய விபரத்தை எவரும் வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகவும் வைக்கிறது. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமற் போனாலும் குரல் பூட்டப்படாது.

பழைய கோப்புறைக்குள்ளும் வேவ் கோப்புகள் கிடந்தன. அவற்றை ஆர்டோரில் ஏற்றினோம். தாலாட்டின் நடுவே ஒரு இருமல். வெட்டிவிடவா என்று மகளிடம் கேட்டேன்.

“வேண்டாம் அக்கா, அதுவும் அம்மாதான்.”