கண்ணும் கருத்தும்

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கில் நடைபெறும் மாலைப் பாட வகுப்பில் சிறுவன் ஒருவன் கரும்பலகையிலிருந்த கணக்கைத் தவறாகவே எழுதி வந்தான். 8 இருந்த இடத்தில் 3 எழுதியிருந்தான். “கவனமில்லாத பிள்ளை” என்று பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். மூன்று திங்கள் கழித்து மூக்குக்கண்ணாடியுடன் வந்த அவன், “சாமி, மரத்துல இலையெல்லாம் தனித்தனியாத் தெரியுது!” என்றான். அன்று தலைகுனிந்தவர் நாமே.

குழந்தை தன் பார்வைக் குறையைத் தானாக உணர்வதில்லை. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாய்த் தெரியும் என்றே எண்ணிக்கொள்கிறது.

கிட்டப்பார்வையுள்ள பிள்ளைக்குப் புத்தகம் தெளிவாயிருக்கும், கரும்பலகை மங்கும். தூரப்பார்வை மிகுந்த பிள்ளையோ கரும்பலகையைப் படித்துவிடும். புத்தகத்தை எடுத்தால் தலைவலிக்கும். டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் அமைத்த எழுத்துப் பலகையை இருபதடி தொலைவிலிருந்து வாசித்துவிட்டால் மட்டும் போதாது. அருகிலுள்ளதைப் படிக்கையில் இரு கண்களும் ஒருங்கே உட்புறம் திரும்ப வேண்டும். தவறினால் எழுத்து இரண்டாய்த் தெரியும், வரி தப்பும்.

ஒரு கண் மட்டும் மங்கியிருப்பின், மூளை அதனைப் புறக்கணித்துவிடும். மற்றக் கண் நன்றாயிருப்பதால் வீட்டார் அறியார். ஏழு வயதுக்குள் கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்தும் மருத்துவம் செய்தால் மிகுந்த பயன் உண்டு. காலம் தாழ்த்தினால் பயன் குறையும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வாசிப்புத் தடுமாற்றம் அனைத்தும் கண்ணால் வருவதன்று. ‘டிஸ்லெக்சியா’ எனும் குறை, மூளை மொழியொலிகளைக் கையாளும் முறையைச் சார்ந்தது. அதற்குக் கண்ணாடியோ கண் பயிற்சியோ மருந்தாகாது, தனிப்பயிற்சியே வேண்டும்.

வெளியில் விளையாடுவதும் வீணன்று. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு நடத்தினர். மூன்றாண்டுகளில் அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கும், ஏனையோருள் 39 பேருக்கும் கிட்டப்பார்வை வந்ததென 2015-இல் வெளியான ஆய்வு கூறியது.

பெற்றோரே, “கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது” என்று சோதனையைத் தள்ளிப்போடாதீர். கண்ணைச் சுருக்குதல், தலையைச் சாய்த்தல், ஒரு கண்ணை மூடிப் படித்தல், புத்தகத்தை முகத்தருகே பிடித்தல் ஆகியவற்றைக் கண்டால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் வகுப்பில் சேர்க்குமுன் ஒருமுறை சோதித்துவிடுதல் நன்று.

பிள்ளையை மந்தமெனச் சொல்லுமுன், அவனுக்கு என்ன தெரிகிறதென்று கேட்போம். நாம் கேட்கத் தவறினோம், நீங்கள் தவறாதீர்.