மண்டபத்துக் காரியாலயங்களுக்கு நாற்காலி மேஜை: சர்க்கார் காண்டிராக்டில் நமது சங்கங்களுக்கு இடமுண்டா?

இராமநாதபுரம் ஜில்லாவின் கிழக்குக் கோடியில், ஒருபுறம் பாக் ஜலசந்தியும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் சூழ அமைந்திருக்கும் மண்டபத்தில் இரும்புச் சாமானுக்கு ஆயுள் குறைவு. உள்நாட்டு நகரங்களில் நெடுநாள் உழைக்கும் எஃகு பீரோ, இங்கே உப்புக் காற்றுப் பட்டு அடித்தகட்டிலிருந்து துருவேறிச் சீக்கிரமே பொத்தலாகி விடுகிறது. இவ்வூரில் இந்தியக் கடலோரக் காவல்படையின் நிலையம் இருக்கிறது. சற்று மேற்கே உச்சிப்புளியில், 2009-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ந் தேதி கப்பற்படையில் முறைப்படி சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். பருந்து என்னும் விமானத் தளம் இருக்கிறது. கப்பலும் விமானமும் உள்ள இடத்தில் காரியாலயமும் உண்டு. காரியாலயம் உள்ள இடத்தில் நாற்காலி, மேஜை, பீரோ, திரைச்சீலை ஆகியவற்றை மாற்றும் தேவையும் முறை வைத்து வந்துகொண்டே இருக்கும். அத்தேவையில் நெசவாளரும் தென்னை விவசாயியும் பங்கு பெற வழி உண்டா என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே.

முற்காலத்தில் மத்திய சர்க்காருக்கு வேண்டிய சாமான்களுக்குத் தில்லியிலிருந்த சப்ளை டைரக்டரேட் ஜெனரல் விலை ஒப்பந்தம் செய்து வைக்கும். இலாகாக்கள் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும். அந்த ஸ்தாபனம் 2017 அக்டோபர் 31-ந் தேதியுடன் மூடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் என்னும் சர்க்கார் இணையச் சந்தை. அந்தச் சந்தையில் கிடைக்கும் சரக்கை மத்திய இலாகாக்கள் அதன் மூலமே வாங்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்துப் பொது நிதி விதிகளின் 149-ஆவது விதி கட்டளையிடுகிறது. ராணுவமும் இதற்கு விலக்கல்ல. சிறு தொகைக்கு நேரே வாங்கலாம். அதற்கு மேற்பட்டால் குறைந்தது மூன்று உற்பத்தியாளரின் விலைகளை ஒப்பிட வேண்டும். பெருந்தொகையானால் டெண்டர் விட்டே ஆக வேண்டும். இதற்கென 2019-இல் 25,000 ரூபாய், 5 லட்சம் ரூபாய் என்று வைத்த எல்லைகள் பின்னர் உயர்த்தப்பட்டன. ஆகவே மண்டபத்து அதிகாரியின் அறைக்கு முன்னால் சாம்பிளை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயன் இல்லை. சங்கத்தின் பெயர் முதலில் அந்தச் சந்தையில் பதிவாகியிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, சிறு தொழிலாக 'உத்யம்' பதிவு பெறுவது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவைக் கூட்டுறவுச் சங்கமும் பெறலாம். இதனால் வரும் நன்மைகள் அற்பமானவையல்ல. சாதாரணமாக டெண்டர் போடுகிறவர் மதிப்பில் 2 முதல் 5 சதவிகிதம் வரை முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மத்திய இலாகாக்கள் தம் வருஷாந்திரக் கொள்முதலில் 25 சதவிகிதம் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012-ஆம் வருஷத்துக் கொள்கையில், 2018-இல் செய்த திருத்தத்தின்படி உள்ள நிபந்தனை. நமது விலை, மிகக் குறைந்த விலையைவிட 15 சதவிகிதத்துக்குள் கூடுதலாக இருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கும். மேலும் 358 வகைச் சரக்குகளைச் சிறு தொழில்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எஃகு நாற்காலியும் எஃகு பீரோவும் அப்பட்டியலில் அடக்கம். ஆனால் இச்சலுகைகள் உற்பத்தி செய்பவருக்கே உரியவை. கோயமுத்தூரில் வாங்கி மண்டபத்தில் விற்கும் வியாபாரிக்கு இவை கிடையா. நமது சங்கம் நாற்காலியை வாங்கிக் கொடுக்கும் தரகு வேலையில் இறங்குமானால், அதற்கும் அதே கதிதான்.

அப்படியானால் நெசவாளருக்கு உரிய பங்கு எது? இங்குதான் விஷயம் கவனிக்கத் தக்கதாகிறது. பொது நிதி விதிகளின் 153-ஆவது விதி, மத்திய இலாகாக்களுக்கு வேண்டிய ஜவுளியில் குறைந்தது 20 சதவிகிதம் கைத்தறிச் சரக்காக இருக்க வேண்டும் என்றும், அதைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழுவிடமோ கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றிடமோ வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. திரைச்சீலை, மேஜை விரிப்பு, நாற்காலி உறை, துண்டு ஆகியவை தனிச் சரக்காக வாங்கப்பட்டால் இந்த விதிக்குள் வரும். நாற்காலியோடு தைத்து ஒட்டிய மெத்தைத் துணியாக வந்தாலோ, அது நாற்காலியின் ஒரு பகுதி என்று கணக்காகி, துணி ஆலைத் துணியாகவே போய்விடும். டெண்டரை எப்படிப் பிரித்து எழுதுகிறார்கள் என்பதில்தான் நெசவாளியின் கூலி அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. டெண்டர் வெளியானபின், முடிவுத் தேதிக்கு முன்பு விளக்கமும் திருத்தமும் கோரி எழுத இடமுண்டு. உறையும் திரையும் தனி இனமாகக் காட்டப்பட வேண்டுமென்று அப்போதே சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். தேதி கடந்தபின் முறையிட்டுப் பயன் இல்லை.

இதில் நம் பக்கத்துக் குறையும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நன்றாகாது. மண்டபத்துக்கு அருகில் நெசவுக்குப் பேர்போன ஊர்கள் பரமக்குடியும் எமனேஸ்வரமும். அங்கே தறிகள் சேலைக்கு ஏற்றவை. திரைச்சீலைக்கும் உறைக்கும் வேண்டிய கனமான துணி வேறு நூல், வேறு அச்சு, சில வேளைகளில் வேறு அகலம் கேட்கும். கரூரும் சென்னிமலையும் இத்தகைய வீட்டு உபயோகத் துணியில் பழகியவை. பரமக்குடிச் சங்கம் இதில் இறங்க விரும்பினால், நாலைந்து தறிகளை மட்டும் அச்சு மாற்றிச் சாம்பிள் நெய்து, கடற்காற்றில் சாயம் நிற்கிறதா என்று சோதித்தபின் விலை சொல்வதே விவேகம். ஆர்டர் வந்தபின் அச்சு மாற்றத் தொடங்கினால், தாமதத்துக்குரிய அபராதம் கூலியையே தின்றுவிடும்.

தென்னை விவசாயிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையோரத்துத் தென்னந்தோப்புகளின் மட்டையிலிருந்து கிடைக்கும் நாரும், ரப்பர் பால் சேர்த்த கயிற்று நார் மெத்தையும் இருக்கைகளுக்குப் பயன்படுபவை. பனை ஜில்லா எங்கும் இருந்தாலும், அதை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்திருப்பதால், பனைமர மேஜை என்ற யோசனையைக் கைவிடுவதே சரி.

பணம் எப்போது வரும்? பல சங்கங்கள் சர்க்கார் ஆர்டருக்கு அஞ்சுவது இந்தக் கேள்வியினால்தான். நூல் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க, பில்லோ மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருக்கும். 2006-ஆம் வருஷத்துச் சிறு தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் செலுத்த வேண்டும். சிறு உற்பத்தியாளர் செய்த சரக்கை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் இச்சட்டம் 'சப்ளை செய்பவர்' என்ற சொல்லுக்குள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தகராறு எழுந்தால் மாநில அரசு அமைத்துள்ள வசதிக் குழுவிடம் மனுச் செய்யலாம். எனினும் சரக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தேதியைக் காட்டும் சீட்டு கையில் இல்லையானால், இந்தப் பாதுகாப்பு ஏட்டுச் சுரைக்காய்தான். மண்டபத்தில் லாரியிலிருந்து இறக்கும்போதே சங்கத்தின் ஆள் ஒருவர் உடனிருந்து எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். லாரிக்காரரிடம் விட்டுவிடக் கூடாது.

இச்சந்தையில் நாமும் வாங்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. 2022 ஜூன் 1-ந் தேதி மத்திய மந்திரி சபை, கூட்டுறவுச் சங்கங்களையும் ஜெம் சந்தையில் வாங்குவோராகச் சேர்க்க அனுமதித்தது. முதலில் பெரிய சங்கங்களுக்கே வழி திறக்கப்பட்டது.

இனி, மாற்றப்பட்ட பழைய சாமான்கள். உபயோகமற்றவை என்று முறைப்படி தீர்மானித்தபின், மிச்ச மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் அவற்றை விளம்பரம் செய்த டெண்டரிலோ பகிரங்க ஏலத்திலோ விற்க வேண்டும் என்பது விதி. துருப்பிடித்த எஃகு பழைய இரும்புக்காரருக்குப் போகும். ஆனால் பழைய மர மேஜைகள் வருமானால், தச்சர்கள் உள்ள சங்கம் ஏலத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது வீண் போகாது.