மடக்குக் கத்தியின் ஆட்டம்

மடக்குக் கத்தியை விரித்துப் பூட்டிய பின்னும் அலகு சற்றே ஆடுவதுண்டு. எல்லா ஆட்டமும் ஒன்றல்ல, நண்பர்களே!

இடவலமாக ஆடுவது ஒரு வகை. இதற்குக் காரணம் அச்சாணியின் தளர்ச்சி. அலகின் இருபுறமும் உள்ள வாஷரின் குறுக்களவு 1 செ.மீ., அச்சாணியிலிருந்து நுனிவரை 8 செ.மீ. என்று கொள்வோம். வாஷரருகே 0.02 மி.மீ. இடைவெளி இருந்தால் நுனி 0.16 மி.மீ. சாயும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணந்தான்! எங்கள் தந்தையார் பட்டறையில் கத்தரிக்கோலின் ஆணியை இரண்டு தட்டுத் தட்டி இறுக்குவார். கத்தியில் திருகாணி இருந்தால் அதைச் சிறிது திருகினால் போதும். மிகுதியாக இறுக்கினால் அலகு மடங்க மறுக்கும்.

மேலும் கீழுமாக ஆடுவதுதான் கவலைக்குரியது. 1964-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'பக் 110' கத்தியில், பிடியின் முதுகிலுள்ள எஃகுத் தண்டின் கொக்கி அலகின் அடிப்பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. கொக்கியோ பள்ளமோ தேய்ந்தால் அலகு மேலும் கீழும் ஆடும். அச்சாணியை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது.

பிடிக்குள் இருக்கும் எஃகுத் தகடே வளைந்து பூட்டாகும் கத்திகளும் உண்டு. இவற்றில் அலகின் அடி சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். தேயத் தேய, தகடு சரிவில் இன்னும் நகர்ந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு! எதிர்ச்சுவரைத் தகடு எட்டிய பிறகு நகர இடமில்லை. அப்போது ஆட்டம் தொடங்கும். அத்தகைய கத்தியால் குத்தித் துளையிடுவது ஆபத்து. பூட்டு நழுவினால் அலகு வந்து விழுவது பிடித்திருக்கும் விரல்களின் மேல்தான்.