ஒரு சங்கு, பல கொடிகள்: மும்பைப் பஞ்சாலைப் போராட்டத்தின் உட்பிளவுகள்

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று இந்நகரில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நம்மவர்களிடம், "1982 மில் ஸ்ட்ரைக் என்னதான் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "அந்த டாக்டர் பிடிச்ச பிடியை விடலை, மில்லு எல்லாம் மூடிப் போச்சு." நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, பரேல் பக்கத்து மில் தொழிலாளி என்றாலே சிவசேனாக்காரன், மதராசிகளை விரட்டியவன் என்ற எண்ணம் வேறு நம் வீடுகளில் ஊறிப் போயிருந்தது. அந்த வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், இரண்டுமே அரைகுறை உண்மை என்று எனக்குப் புரிந்தது. இக்கட்டுரை அந்தத் திருத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் முயற்சி.

1854-இல் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் தொடங்கிய நிறுவனமே மும்பையின் முதல் பஞ்சாலை. அடுத்த நூறாண்டுகளில் பைகுல்லா, லால்பாக், பரேல், ஒர்லி என்று நீண்ட பகுதிக்குக் கிரண்காவ், அதாவது 'மில் ஊர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கொங்கணத்திலிருந்தும் சாத்தாரா பக்கமிருந்தும் வந்தவர்களே தொழிலாளர்களில் பெரும் பகுதி. குடும்பம் ஊரில் இருக்கும். ஆண்கள் இங்கே சால்களில் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் படுத்து எழுந்தார்கள். விடியலில் ஆலைச் சங்கு ஊதும். மராத்தியில் அதைப் போங்கா என்பார்கள். அந்தச் சத்தத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் நம்மிலும் உண்டு.

1982 ஜனவரி 18-ஆம் தேதி 60-க்கும் மேற்பட்ட ஆலைகளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வு, பத்லிகளுக்கு நிரந்தர வேலை, 1946-ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டத்தை நீக்குதல் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். தலைமை டாக்டர் தத்தா சாமந்த். அந்த வேலைநிறுத்தம் இன்றுவரை முறைப்படி விலக்கிக்கொள்ளப்படவே இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்துத் தானாகவே கரைந்து போயிற்று, அவ்வளவுதான்.

மூன்று கோரிக்கைகளில் கூலியைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் அதிகம் எழுதின. என் எண்ணத்தில் மூன்றாவதுதான் விவகாரத்தின் ஆணிவேர். ஓர் ஊரில் ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு சங்கம்தான் 'பிரதிநிதிச் சங்கம்' என்றது அந்தச் சட்டம். மும்பைப் பஞ்சாலைகளில் அந்தத் தகுதி காங்கிரஸ் சார்புள்ள ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்திடம் இருந்தது. உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துத்தான் தகுதி. தொழிலாளர்களிடையே இரகசிய வாக்கெடுப்பு கிடையாது. இரண்டரை லட்சம் பேர் வேறொருவர் பின்னால் நின்றாலும் முதலாளிகள் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமே இல்லை. பேசி ஒப்பந்தம் போட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது செல்லாது.

அந்த நாளில் நான் லால்பாக்கில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் கட்டிடத்து வாசலில் வேலைநிறுத்தக் காலம் முழுதும் ஒருவர் வெங்காயம், உருளைக்கிழங்கு விற்றார். பதினாறு வருஷம் தறி ஓட்டியவர். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "சேட்டு, என் அப்பா செங்கொடி. நான் கூலிக்கு டாக்டர் கூட்டத்துக்குப் போறேன். ராத்திரி எங்க சால்ல தண்ணி வரலைன்னா சேனா ஷாகாவுக்குத்தான் போறேன். சங்கத்து ரசீது மட்டும் நாலாவது ஆளோடது." நான் சேட்டு இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரே மனிதன் நான்கு கொடிகளுக்குக் கீழே நிற்க முடியும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தப் பிளவுகள் 1982-இல் முளைத்தவை அல்ல. 1928-க்குப் போக வேண்டும். ஒரு தொழிலாளி கூடுதல் தறிகளையும் கதிர்களையும் கவனிக்க வேண்டும் என்று முதலாளிகள் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து அவ்வாண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆலைகள் நின்றன. மிதவாதியான என்.எம். ஜோஷியும் டாங்கே முதலான கம்யூனிஸ்டுகளும் ஒருவரையொருவர் சந்தேகித்தபடியே ஒரு கூட்டுக்குழுவில் அமர்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் கிர்ணி காம்கார் யூனியன் பிறந்து, சில மாதங்களில் ஐம்பதாயிரம் உறுப்பினர்களைத் தாண்டியது.

அப்போது டாக்டர் அம்பேத்கர் ஒரு கேள்வியை எழுப்பினார். ஆலையில் நல்ல கூலி கிடைப்பது நெசவுப் பிரிவில். அங்கே தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களுக்கு இடமில்லை. நாடாவில் புதிய நூல் மாற்றும்போது அதன் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். மற்றவர் வாய் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்றது உயர்சாதித் தொழிலாளர்கள்தான். முதலாளி போட்ட விதி அல்ல அது. சுரண்டலை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இது ஏன் இல்லை என்று அவர் கேட்டார். இதைச் சேர்க்காவிட்டால் தம் மக்களைப் போராட்டத்தில் சேர வேண்டாம் என்று சொல்ல நேரிடும் என்றும் எச்சரித்தார். தலைவர்கள் அரைமனதாகச் சேர்த்தார்கள். மறு ஆண்டு, 1929-இல், நடந்த வேலைநிறுத்தத்தை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். மீரட் சதி வழக்கில் தலைவர்கள் சிறைப்பட்டிருந்த நேரம் அது. அந்த வேலைநிறுத்தம் தோற்றது. யூனியனும் கலகலத்துப் போயிற்று.

அம்பேத்கர் பிளவுபடுத்தினார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிளவு தறிக்கூடத்தில் ஏற்கெனவே இருந்தது. அவர் அதன் பெயரைச் சொன்னார். அதே அம்பேத்கர் 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு தோளோடு தோள் நின்று ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். அன்று அந்த மசோதாவைக் கொண்டுவந்தது காங்கிரஸ் மந்திரிசபை. 1946-இன் சட்டம் அதன் வழிவந்ததே. ஆக, 1982-இல் எதிர்த்த சட்டத்தின் பாட்டனை அம்பேத்கரும் டாங்கேயும் சேர்ந்தே எதிர்த்திருக்கிறார்கள்.

இன்னொரு பிளவு பத்லி. பத்லி என்றால் மாற்றாள். நிரந்தரத் தொழிலாளி வராத அன்றைக்கு மட்டும் வேலை. காலையில் ஆலை வாசலில் போய் நிற்பார். கையில் அட்டை இருக்கும், உள்ளே வேலை இருக்காது. பத்துப் பதினைந்து வருஷம் பத்லியாகவே கழித்தவர்கள் உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்கு ஊருக்குப் போய் நாற்று நட்டு வர இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எந்தச் சங்கமும் பத்லிகளை முதன்மையாகக் கருதியதில்லை. 1982-இல் மிக உறுதியாக நின்றவர்களில் அவர்களும் உண்டு. இழக்க அவர்களிடம் என்ன இருந்தது?

இனி நமக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி. 1966-இல் சிவசேனா தோன்றியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள், குறிப்பாக அலுவலக வேலைகளில் இருந்த நம்மவர்கள். அதை அனுபவித்தவர்கள் இம்மலரின் வாசகர்களில் இருப்பார்கள். ஆனால் அடுத்த குறி யார் என்பதை நாம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1967-இல் பரேலிலிருந்த கம்யூனிஸ்டுகளின் அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூனில் அப்பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். இடைத்தேர்தலில் அவர் மனைவி நின்றார். வென்றது சேனாவின் வாமன்ராவ் மகாடிக். அதுவே அக்கட்சியின் முதல் சட்டமன்ற இடம். தந்தை ஆலையில் செங்கொடி பிடிக்க, மகன் "குமாஸ்தா வேலை மதராசிக்கா?" என்று கேட்டுக் காவிக் கொடிக்குப் போனான். நம்மை விரட்ட வந்த இளைஞர்களில் பலர் தறிக்கூடத்தில் தேய்ந்த தகப்பனைப் பார்த்து, இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று வெளியேறியவர்கள். அவர்கள் செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

1981 இறுதியில் சேனாவும் மில் தொழிலாளருக்காக ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது, அதோடு ஓய்ந்தது. அதன் பிறகே தொழிலாளர்கள் தாமாகத் திரண்டு டாக்டர் சாமந்தைத் தேடிப் போனார்கள். அவர் திட்டமிட்டுச் சேர்த்த கூட்டம் அல்ல அது. அவர் ஒருகாலத்தில் காங்கிரஸ்காரர். எமர்ஜென்ஸியில் சிறை சென்றவர். பொறியியல் தொழிற்சாலைகளில் பெரிய கூலி உயர்வுகளை வாங்கித் தந்து பேர் எடுத்தவர். கம்பெனியின் வரவு செலவைப் பார்க்க மாட்டார், கேட்டதை வாங்குவார் என்பது அவர் புகழ், அதுவே அவர் மேல் குற்றச்சாட்டும். இடதுசாரிச் சங்கங்கள் போராட்டத்தை ஆதரித்தன, ஆனால் அவரை நம்பவில்லை. கமிட்டி, விவாதம், தீர்மானம் என்று பழகியவர்களுக்கு, ஒரு மனிதரின் வாக்கே முடிவாக இருந்தது பிடிக்கவில்லை. அந்தக் குறை நியாயமானதே. பின்வாங்கி எதையாவது காப்பாற்ற வேண்டிய தருணத்தில் அதைச் சொல்ல அவரிடம் அமைப்பு இல்லை.

பொறியியல் ஆலையில் பலித்த முறை பஞ்சாலையில் ஏன் பலிக்கவில்லை? பல முதலாளிகளிடம் விற்காத சரக்குக் குவிந்திருந்தது. பிவண்டியின் விசைத்தறிகள் துணி நெய்து கொடுத்தன. நலிந்த ஆலைகளுக்கு மூடிக்கிடப்பதே லாபம். மத்திய அரசோ சாமந்துக்கு இங்கே இடம் கொடுத்தால் துறைமுகம் வரை பரவிவிடும் என்று அஞ்சியது.

இத்தனைக்கும் நடுவில் தொழிலாளிகள் ஒன்றரை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? பாதிப் பேர் ஊருக்குப் போய் வயலில் இறங்கினார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. இங்கே இருந்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள் கானாவளிப் பெண்கள். மாதக் கணக்கில் சாப்பாடு போடும் இந்தப் பெண்கள் பெரும்பாலும் மில் தொழிலாளர் வீட்டுப் பெண்களே. அதற்கு முந்தைய வேலைநிறுத்தங்களிலேயே கடன் கொடுத்துக் கொடுத்து வட்டிக்காரனிடம் நகையை இழந்தவர்கள். பிரேமா புரவ் 1975-இல் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் அவர்களுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது. பேச்சுவார்த்தை மேசையில் இப்பெண்களுக்கு எந்தக் கொடியும் நாற்காலி போடவில்லை. ஆண்கள் கொடிச் சண்டையில் இருந்தபோது உலை வைத்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். 1983-இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1984 தேர்தலில், நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசியபோது, தோற்ற போராட்டத்தின் தலைவரைக் கிரண்காவ் மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1997 ஜனவரியில் அவர் பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு சண்டை நிலத்தைப் பற்றியதாக மாறியது. சுமார் 600 ஏக்கர், நகரின் நட்ட நடுவில். 1991-இன் விதி அதை மூன்று பங்காக்கியது: நகரத்துக்குத் திறந்தவெளி ஒன்று, அரசு வீட்டுவசதிக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. 2001-இல் செய்த திருத்தம், கட்டிடம் இல்லாத காலி இடத்தில் மட்டுமே பங்கு என்று சுருக்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஓய்வுத் தொகை ஒப்பந்தங்களில் தொழிலாளர் சார்பில் கையெழுத்திட்டது அதே பிரதிநிதிச் சங்கம். மண்ணின் மைந்தர் முழக்கத்தோடு வளர்ந்தவர்கள் இடம்பெற்ற ஒரு கூட்டு நிறுவனம் 2005-இல் கோஹினூர் மில் நிலத்தை 421 கோடிக்கு வாங்கியது. தத்தா இஸ்வல்கர் தலைமையில் 1989-இல் உருவான மூடிய மில் தொழிலாளர் போராட்டக் குழுதான் வீடு என்ற கோரிக்கையை விடாமல் பிடித்தது. 2012-இல் முதல் பெரிய குலுக்கல் நடந்தது. அந்த வீடுகளுக்கும் பல அமைப்புகள், பல மனுக்கள், பல ஊர்வலங்கள்! நகருக்கு வெளியே வாங்கணி, ஷேலு பக்கம் தருகிறோம் என்ற பேச்சு வந்தபோது, அதை ஏற்பதா கூடாதா என்பதிலும் கருத்து வேறுபாடு.

வெங்காயம் விற்றவர் மறைந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் மகன் பரேலில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் காவலாளி. தந்தை தறி ஓட்டிய ஆலை இருந்த இடம்தான் அது. போன தீபாவளிக்கு லட்டு கொண்டுவந்தவர் அப்பாவின் பழைய அட்டையையும், மூன்று வெவ்வேறு சங்கங்களின் படிவங்களையும் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். எதை நிரப்பினால் குலுக்கலில் பேர் வரும் என்று கேட்டார். மூன்றையும் சேர்ந்தே உட்கார்ந்து நிரப்பினோம்.