கடனட்டையில் வட்டியில்லாத் தவணை: கணக்கு எப்படி?



பெருநாள் நெருங்கினால் மாத்தளை திருகோணமலை வீதிக் கடைகளில் "12 மாதம், வட்டி 0 வீதம்" என்ற விளம்பரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். முன்பு கடனட்டை என்றால் துரைமார் வைத்திருப்பது என்று நினைத்தோம். இப்போது கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. "கார்டுல எடுத்தா வட்டியே இல்லம்மா" என்று பிள்ளை சொல்ல, எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்து லயத்துக்கும் பிரிஜ் வந்து இறங்குகிறது. வங்கி என்ன தர்மத்துக்கா கொடுக்கிறது என்று எம்மிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

நமக்குத் தெரிந்த வட்டியில்லாக் கடன் தீபாவளி முற்பணம். அது மாதாமாதம் சம்பளத்தில் தானாகக் கழிபடும். நாம் மறந்தாலும் செக்ரோல் மறக்காது. கடனட்டை அப்படியல்ல. குறித்த திகதிக்குள் நாமே போய்க் கட்ட வேண்டும். கட்டினால்தான் அந்த 0 வீதம்.

கடையில் சாமான் விற்க வேண்டும் என்பதற்காக, கடைக்காரர் வங்கிக்கு ஒரு கழிவு கொடுக்கிறார். வங்கிக்கு இலாபம் அதில் வருகிறது. கொடுத்த கழிவைச் சில கடைக்காரர்கள் விலையிலேயே ஏற்றி விடுவதும் உண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "கைக்காசு கொடுத்தா என்ன விலை?" என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிஜ் ஒன்று கார்டுக்கு 1,20,000 ரூபா. மாதம் 10,000 வீதம் 12 மாதம். அதையே கைக்காசுக்கு 1,08,000 ரூபாவுக்குத் தருகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் 12,000. "லட்சத்துக்கு மேல வாங்கி 12,000 தானே, 11 வீதம்" என்று தோன்றும். ஆனால் 1,08,000 ரூபாவும் வருடம் முழுக்க நம் கையில் இருக்கவில்லையே. மாதாமாதம் கட்டிக் கொண்டே வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் அதில் பாதியளவுதான் கடனாக இருந்தது. அந்தப் பாதிக்கு 12,000 என்றால் வருடத்துக்கு 20 வீதத்தை ஒட்டி வருகிறது. பில்லில் 0 என்று இருக்கும், அவ்வளவுதான். சில வங்கிகள் தவணைக்கென்று தனிக் கட்டணமும் எடுப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விலையும் ஒன்று, தனிக் கட்டணமும் இல்லை என்றால் தாராளமாக எடுக்கலாம். நல்ல வசதிதான்.

ஆனால் சில வங்கிகளில், கடையில் கார்டைப் போட்ட பிறகு வங்கிக்குப் போன் பண்ணித் தவணைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுத் தொகையும் அடுத்த பில்லில் வந்து நிற்கும்.

கட்ட வேண்டிய திகதியையும் பாருங்கள். தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டித்தான். பில்லின் திகதி 5 என்றால் அந்த ஐந்து நாள் இடைவெளிதான் வினை. தாமதக் கட்டணம் விழும், கட்டாத மீதிக்கு வட்டியும் ஓடும். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி உச்ச வட்டியை நிர்ணயித்தபோது நகை அடகுக்கு 18 வீதம், கடனட்டைக்கு 28 வீதம். அடகுக் கடையை விட கார்டுதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 60,000 ரூபா கடனுக்கு அது 3,000 என்று வையுங்கள். 28 வீதப்படி ஒரு மாத வட்டியே 1,400. மீதி 1,600 தான் கடனில் கழியும். கார்டைப் போட்டு மெஷினில் காசு எடுப்பதற்கு இந்த 0 வீதம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி.

இனி வீட்டுச் சங்கதி ஒன்று. மச்சானுடைய கார்டில், மகளுடைய கார்டில் சாமான் எடுத்துவிட்டு, "அடுத்த மாசம் தாரேன்" என்பது லயத்தில் சகஜமாகி வருகிறது. கட்டாமல் போனால் வங்கி தேடுவது கார்டில் பெயர் உள்ளவரைத்தான். கிரிப் என்று சொல்கிறோமே, கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் அந்தப் பணியகத்தில் பதிவாவதும் அவர் பெயர்தான். நாளைக்கு அந்தப் பிள்ளை வீடு கட்டவோ, தொழில் தொடங்கவோ கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். மாமியார் வீட்டு டீவிக்காக மருமகனின் கடன் மறுக்கப்படலாம்.

பில் ஆங்கிலத்தில் வந்து விளங்காவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். வங்கியில் முறையிட்டும் சரியான பதில் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். பேசும்போது பில்லைக் கையில் வைத்திருங்கள்.