காற்கூற்றுக் கல்வி

சென்ற மாதம் எனக்கொரு கடிதம் வந்தது. கைத்தொலைபேசியிலே நான்கு சொல்லைத் தட்டிவிட்டு ஓய்ந்துவிடும் இக்காலத்திலே, நான்கு பக்கம் கையால் எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் இட்ட கடிதம். எழுதியவன் என் பழைய மாணாக்கன். பாடசாலையிலே உயர்தரம் படித்துக்கொண்டே, மாலை வேளைகளில் எங்கள் கீழைத்தேயக் கல்லூரிக்குச் சைக்கிளில் வந்து பாலபண்டித வகுப்பிலும் இருந்தவன். இன்று நம் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களுள் ஒன்றிலே, கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம் பயில்கின்றான். எப்பல்கலைக்கழகம் என்று கூறேன். அவன் எழுதியவற்றை வேறெந்த வளாகத்திலிருந்து எழுதியிருப்பினும் யான் வியந்திரேன்.

“ஐயா, இங்கே என் பெயர் ஒருவருக்கும் தெரியாது” என்று தொடங்குகின்றது அக்கடிதம். விரிவுரை மண்டபத்திலே இருநூறு பேருக்கு மேல் இருக்கின்றனராம். பின்வரிசையிலிருப்போர்க்கு ஒலிபெருக்கியின் இரைச்சலே விரிவுரை. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதும், எழுதியதை மனனஞ்செய்வதும், மனனஞ்செய்ததைப் பரீட்சை மண்டபத்திலே இறக்கிவைப்பதுமே படிப்பாயிற்று. வாசிக்கும்படி சொல்லப்பட்ட நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலுள்ளன. இருவர்க்கான அறையிலே நால்வர். முதல் வருடத்திலே முதுநிலை மாணவர் செய்த பகிடிவதையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறான். அவ்வொரு வரியை யான் மும்முறை வாசித்தேன். ஈற்றிலே, “விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று எண்ணுகின்றேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஐயா என்ன சொல்கிறீர்கள்?” என்று முடித்திருந்தான்.

அவன் தாயார் தையல் இயந்திரம் மிதித்து அவனைப் படிப்பித்தவர். பல்கலைக்கழக அனுமதி கிடைத்த நாளிலே, ஒரு தட்டிலே வெற்றிலையும் பழமும் கொண்டு என் வீட்டிற்கு வந்தவர். “போய்ப் படி” என்று அவனை அனுப்பியோருள் யானும் ஒருவன். ஆதலால் மூன்று நாள் விடை எழுத இயலாது இருந்தேன்.

இம்மனக்குறை நேற்றுப் பிறந்ததன்று. 1906இல் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் நம் நாட்டிற்கொரு பல்கலைக்கழகம் வேண்டுமெனச் சங்கம் அமைத்து முயன்றனர். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. அன்று மாணவர் தொகை 904. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். 1952இலே அது பேராதனைக்குப் பெயரத் தொடங்கியபோது, மாணவர் விடுதிகளிலே தங்கி, ஒருவரோடொருவர் கூடி வாழ்ந்து கற்கும் பல்கலைக்கழகமாகவே அது கருதப்பட்டது. மகாவலி நதிக்கரையிலே அருணாசலத்தின் பெயராலும் இராமநாதனின் பெயராலும் விடுதிகள் எழுந்தன. விரிவுரை ஒருபுறமிருக்க, சிலர் மட்டுங் கூடிக் கட்டுரை எழுதி ஆசிரியர் முன்னிலையில் வாதிடும் சிறு வகுப்புக்களும் நடந்தன.

அதனைப் பொற்காலம் என்று போற்றுவார் பலர். யான் அவ்வாறு போற்றத் துணியேன். அப்பொற்கோயிலின் வாயில் ஆங்கிலம் அறிந்த சிலர்க்கே திறந்தது. எங்கள் கிராமத்துச் சிறுவர் அதன் மதிலையுங் கண்டிலர். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இலே நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. அவ்வாறு கற்று வந்த தலைமுறை பல்கலைக்கழக வாயிலைத் தட்டியபோது, 1960ஆம் ஆண்டளவிலே கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. நடந்தே தீரவேண்டிய நியாயமான மாற்றம் அது. எனினும் மாணவர் பெருகிய வேகத்திலே ஆசிரியர் பெருகவில்லை, விடுதிகள் பெருகவில்லை, நூல்கள் பெருகவேயில்லை. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்புக்களும் வெளியிட்டது உண்மையே. ஆயினும் நூலகத்தின் பேரறிவு முழுவதும் ஆங்கிலத்திலே இருந்தது. வாசிக்க வந்தவனோ தமிழோ சிங்களமோ அறிந்தவன். இடைவெளியை நிரப்பியது யாதெனின், விரிவுரையாளர் சொல்லி எழுதுவித்த குறிப்பு. கூட்டம் மிகுந்தபோது முதலில் மறைந்தது அச்சிறு வகுப்பேயாம்.

ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் ‘கடுவ’ என்பர். கடுவ என்பது வாள். வெட்டும் வாள்! ஒரு மொழிக்கு மாணவர் சூட்டிய பெயர் இதுவாயின், அவர் நெஞ்சிலே பட்ட காயத்தை அளக்க வேறு கோல் வேண்டா. நம் பிள்ளைகள் அச்சொல்லை வழங்குவது குறைவாயினும் அவ்வாளுக்குத் தப்பியவரல்லர்.

படித்து முடித்தால் என் செய்வது என்னும் வினா அடுத்தது. 1971 ஏப்ரிலிலே தென்னிலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது அதிலே பல்கலைக்கழக மாணவரும் கலந்திருந்தனர். அதே ஆண்டிலே டட்லி சியர்ஸ் தலைமையில் அனைத்துலகத் தொழில் நிறுவனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, கல்வி எழுப்பிய எதிர்பார்ப்பிற்கும் நாட்டிலுள்ள தொழிலுக்குமிடையே விழுந்த பிளவையே தன் பொருளாகக் கொண்டது. தமிழ் மாணவரின் குறை அக்காலத்திலே உள்ளேயன்றி வாயிலிலே நின்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், உள்ளே புகுமுன்பே அவரைத் தடுத்தது. அதன் விளைவுகளை இங்கே விரிக்கப் புகின் வேறொரு கட்டுரையாகும். 1974இலே யாழ்ப்பாணத்தில் வளாகம் அமைந்ததையும், கைலாசபதி அதன் முதல் தலைவராக இருந்ததையும் மட்டும் குறிப்போம். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், கலைப்பட்டதாரிகள் வேலை கோரி வீதியோரத்திலே கொட்டகையிட்டு இருப்பதைக் கண்டோம். 2020இலே ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநராக எடுத்தது. அவ்வாறு சேர்ந்த என் மாணாக்கி ஒருத்தி, அலுவலகமொன்றிலே தனக்கொரு கதிரை கிடைக்க மூன்று மாதஞ் சென்றது என்றாள்.

பகிடிவதை பற்றி ஒரு சொல். 1997இலே பேராதனையிற் பொறியியல் கற்கச் சென்ற தமிழ் மாணவர் ஒருவர் அதனால் உயிர் துறந்தார். 1998இலே அதனைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் இருக்கின்றது, என் மாணாக்கனின் கடிதத்திலே அந்த ஒரு வரியும் இருக்கின்றது.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, மறுநாள் வகுப்பிற்காக நன்னூலைப் புரட்டினேன். பொதுப்பாயிரத்திலே, மாணாக்கரை அன்னம், பசு முதலாக எருமை, பன்னாடை ஈறாக வகுக்கும் இடம் யாவரும் அறிந்தது. ஆசிரியர்கள் மாணவரை வைதற்கு மிக விரும்பி எடுத்தாளும் இடமும் அதுவே. அதனை அடுத்துவரும் செய்தியையோ நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஆசான் சொல்லியதை முற்றாக மனத்திற் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கல்வியிற் காற்கூறே என்கிறார் பவணந்தியார். உடன் கற்பாரோடு பயிலும்போது மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும்.

இருபத்தாறு வருடமாக இதனைப் படிப்பித்து வருகின்றேன். அன்றுதான் அக்கணக்கு என் நெஞ்சிலே தைத்தது. இருநூறு பேர் நிறைந்த மண்டபத்திலே என் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்கூறு; ஒலிபெருக்கி பழுதாயின் அதுவும் இல்லை. சிறு வகுப்பு மறைந்தபோது முக்காற்பங்கும் அதனுடன் மறைந்தது. பேராதனையை வகுத்தோர் விடுதியையும் கூட்டுவாழ்வையும் வேண்டியது இம்முக்காற்பங்கை நோக்கியே போலும். அறுபதுகளிலே பேராசிரியர் வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். நாட்டுக்கூத்தை ஏளனமாக நோக்கிய படித்தவரெல்லாம் அதனைத் திரும்பிப் பார்த்தனர். அம்மாணவர் அக்கலையை விரிவுரைக் குறிப்பினின்று கற்றாரல்லர். காலிலே சதங்கை கட்டி ஆடிக் கற்றனர்.

இனி, பல்கலைக்கழகத்தை மட்டும் குறைகூறி யான் தப்பமுடியாது. இம்மாணாக்கனுக்கு உயர்தரத் தமிழுக்குக் குறிப்பு எழுதுவித்தவன் யானே. பரீட்சை நெருங்கிய நாட்களிலே, அவன் ஒரு செய்யுளுக்கு வேறொரு பொருள் கொள்ளலாமோ என்று வினவினான். “தம்பி, முதலில் நான் தந்ததைப் பாடமாக்கு, மற்றது பிறகு பார்ப்போம்” என்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை. அவன் சிறந்த பெறுபேறு பெற்றான். என் பெயரும் ஊரிலே சிறந்தது. வினவத் தெரிந்தவனை எழுதத் தெரிந்தவனாக மாற்றித்தான் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினேன். நம்முட் பலர் இதனைச் செய்கின்றோம்; பெற்றோரும் இதனையே வேண்டுகின்றனர். பல்கலைக்கழகத்திலே அவனுக்கு எழுந்த சலிப்பின் வித்து என் வகுப்பிலும் ஊன்றப்பட்டதாகும்.

நான்காம் நாள் விடை எழுதினேன். ‘விடாதே’ என்று கட்டளையிடவில்லை. ‘வா’ என்றும் எழுதவில்லை. மேற்கூறிய கணக்கை எழுதி, “மற்றை முக்காற்பங்கிற்கு அங்கே யாது வழி?” என்று மட்டும் கேட்டேன். ஆங்கிலத்தைப் பற்றி, நாளொன்றுக்கு ஒரு பக்கம் அகராதியோடு வாசி என்றேன். யான் ஐம்பது வயதிலே அவ்வாறு தொடங்கியவன் என்பதையும் ஒளிக்கவில்லை. பகிடிவதை பற்றி யாரிடமாவது வாய்திறந்து சொல்லியிருக்கின்றாயா என்றும் வினவினேன்.

பத்து நாளிலே மறுமொழி வந்தது. இம்முறை இரண்டே பக்கம். பல்கலைக்கழகங்களிலே ‘குப்பி’ என்றொரு வழக்கம் உண்டு. குப்பி விளக்கின் பெயரை உடையது. பரீட்சைக்கு முன், பாடம் விளங்கிய மாணவனொருவன் விளங்காதோரை மரத்தடியிலோ விடுதி மண்டபத்திலோ இருத்திச் சொல்லிக்கொடுப்பான். ஊதியம் இல்லை, வரவுப்பதிவும் இல்லை. எவரும் ஆணையிடாமலே மாணவர் தாமே கண்ட பள்ளி அது. என் மாணாக்கன் இதுவரை அதிலே கேட்போனாகவே இருந்தானாம். “சென்ற புதன் இரவு முதல் வருடத்தாருக்கு இலக்கணக் குப்பி நான் எடுத்தேன் ஐயா. பதினொரு பேர் வந்தார்கள். புணரியலில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு மணி வரை இருந்து தேடினோம்” என்று எழுதியிருக்கிறான்.

விட்டுவிட்டு வருவது பற்றி அக்கடிதத்திலே ஒன்றுமில்லை. தொடர்ந்து படிப்பேன் என்றும் இல்லை. பகிடிவதை பற்றிய என் வினாவிற்கு விடையும் இல்லை. அதனை மீண்டும் கேட்டு எழுதியுள்ளேன். அறையிலே இன்னும் நால்வர்தாம். நாவலர் பெருமானின் நன்னூற் காண்டிகையுரை ஒன்று கிடைக்குமாயின் அனுப்பும்படி கடிதத்தின் ஓரத்திலே குறித்திருந்தான். என் பிரதியின் அட்டை கழன்றிருந்தது. அதனை ஒட்டி, உலரவிட்டு, நேற்றுத் தபாலிற் சேர்ப்பித்தேன்.